முதலில் சாச்சி சொல்ல வேண்டும்

நொட்டிங்ஹாம்
22.09.2024

அன்புத் தங்கச்சி மர்ளியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீயும் உன் மாப்பிள்ளை ஹயாத்து முகம்மதுத் தம்பியும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். அவருடைய கருவாட்டு வியாபாரம் எப்படிப் போகிறது? பார்மசியில் நின்று நின்று வந்த உன் இடுப்பு வலி குறைந்ததா?

ஃபோன் கையில் இருக்க, இவள் எதற்குத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நீ முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. கோபிக்காதே. ஃபோனில் உன் குரல் கேட்டால் மகள் ஸும்ரா எங்கிருந்தாலும் ஓடி வந்து பறிக்கிறாள். வைத்த பிறகு சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. ஒளிந்து கதைக்கவும் இடமில்லை. பிள்ளை இங்கே பழகும் வரை ஃபோன் வேண்டாம் என்று உன் மச்சான் சொல்லிவிட்டார், நானும் சரி என்றேன். இதை நான் வேலை செய்யும் வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் இருந்து எழுதுகிறேன்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கில வாசிப்புப் பழக்க ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு டெப்லட், வீட்டுக்கும் கொண்டு வரலாம். அதில் ஒரு மஞ்சள் நரி வரும். கதையின் ஒரு வரியைக் காட்டி "வாசி" என்று சொல்லிவிட்டு, காதை நிமிர்த்திக் கொண்டு இருக்கும். பிள்ளை வாசித்தால் நரி ஆடும். பிழை விட்டால் மறுபடி சொல்லச் சொல்லும். இவள் பிழையும் விடுவதில்லை, சரியும் சொல்வதில்லை. வாயே திறப்பதில்லை. நரி காத்திருந்து காத்திருந்து படுத்துவிடுகிறது. உன்னிடம் விட்டிருந்த ஒன்றரை வருடத்தில் வாய் மூடாத பிள்ளை என்று நீ சொன்னாய். அந்தப் பிள்ளை எங்கே போனாள் என்று தெரியவில்லை.

அவளுடைய டீச்சர் மிஸ் கத்தரினா நல்ல மனுஷி. ஆனால் பேச்சுக் குறைபாடு ஏதும் இருக்குமோ, டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். உன் மச்சான் வேறு கதை சொல்கிறார். கோடை விடுமுறை வரை பார்ப்போம், சரிவராவிட்டால் மர்ளியாவிடமே அனுப்பிவிடுவோம் என்கிறார். இந்த நாட்டுச் சட்டம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஒருமுறை அனுப்பினால் திரும்பக் கூப்பிட முடியுமோ என்னவோ. எனக்குப் பயமாக இருக்கிறது.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா
நுஸ்ரா

*

தில்லையடி, புத்தளம்
29.09.2024

ராத்தாவுக்கு வஅலைக்கும் ஸலாம்.

நாங்கள் சுகம். இடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, வலியும் அப்படியே. கருவாடு மழைக்கு முன் காய்ந்துவிட வேண்டுமென்று இவர் பள்ளிவாசல்துறைக்கும் வீட்டுக்குமாக லொறியில் அலைகிறார். வீடு முழுக்க வாளை மணம். நீங்கள் மூவரும் குளிருக்கு நல்லாப் போர்த்திக் கொள்ளுங்கள்.

ஃபோன் வேண்டாம் என்றதை வாசித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. என் குரல் என்ன காய்ச்சலா, தொற்றிக் கொள்ள? சரி, போகட்டும். மச்சான் ஸும்ராவின் வாப்பா. நான் சாச்சிதானே.

ஆனால் குறைபாடு, டாக்டர் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்களே, அதை வாசித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா? அவள் இங்கே கடைத்தெருவில் கழுதையோடும் கதைத்த பிள்ளை. கடைக்கார ஜௌபர் நானா இப்போதும் "அந்த வாயாடி எங்க?" என்று கேட்கிறார்.

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். ராத்தா, அவள் காத்துக்கொண்டு இருக்கிறாள். மஹ்மூதா மாமி வீட்டுக்குக் குர்ஆன் ஓதப் போனாள்தானே? அங்கே மாமி முதலில் ஓதுவார், பிள்ளைகள் அதற்குப் பின்னால் ஓத வேண்டும். மாமிக்கு முந்தி வாய் திறந்தால் காதில் ஒரு திருகு. நீங்களும் நானும் அப்படித்தானே ஓதினோம்? ஸும்ராவும் ஒருநாள் முந்திக்கொண்டு காதைச் சிவக்க வைத்துக்கொண்டு வந்தாள். அந்த நரி முதலில் ஓதிக் கொடுக்காமல் "வாசி" என்றால் பிள்ளை எப்படி வாசிக்கும்? மரியாதைக்காக வாயை மூடியிருக்கிறாள். யாராவது முதலில் சொல்லிக் கொடுங்கள், பிறகு பாருங்கள்.

அவளுக்குப் பாண் துண்டை ஓரம் வெட்டித்தான் தின்னக் கொடுக்க வேண்டும். தெரியுமா?

துஆவை எதிர்பார்க்கும்
மர்ளியா

*

நொட்டிங்ஹாம்
13.10.2024

அன்புத் தங்கச்சிக்கு, உன்மீது அல்லாஹ்வின் அருள் உண்டாகட்டும்.

நாங்கள் நலம். குளிர் தொடங்கிவிட்டது, உடம்பு தாங்குகிறது.

நீ சொன்னதை மிஸ் கத்தரினாவிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு அது புதினமாக இருந்தது. அந்த மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறதாம். வீட்டு ஆட்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் தங்கள் பாஷையில் குரல் பதிந்து வைக்கலாம். பிள்ளை காதுப் படத்தை அழுத்தினால் அந்தக் குரல் கேட்கும். தமிழ்க் குரல் ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தது. யந்திரம் கதைக்கும் தமிழ். அதைக் கேட்டுவிட்டு ஸும்ரா, தெரியாத மாமி வீட்டுக்கு வந்தால் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

நான் பதிந்தேன். ஒரு கிழமை முழுக்க, வேலையால் வந்து, கண் சொருகச் சொருக. அவள் மரியாதையாகக் கேட்டாள், பிறகு டெப்லட்டைக் கவிழ்த்து வைத்தாள். ஏன் மகள் என்று கேட்டதற்கு "சாச்சி முதல்ல செல்லோணும்" என்றாள். இங்கே வந்து அவள் முழுதாகச் சொன்ன முதல் வசனம் அது.

ஆகவே நீ பதிந்து அனுப்பு. உன் ஃபோனுக்கு ஒரு இணைப்பு வரும். அதைத் திறந்தால் பக்கம் தெரியும், கீழே சிவப்புப் பொத்தானை அழுத்திக் கதைத்தால் போதும். மிஸ் தமிழில் கருத்து மட்டும் போதும் என்றார். ஆனால் முதல் குரல் வேண்டும் என்று நீதானே சொன்னாய்? ஆங்கில வரியையும் நீயே ஓதிக் கொடு. மருந்துப் பெயரெல்லாம் வாசிக்கிறவளுக்கு இது பெரிய காரியமா? உன் மச்சான் முதலில் வேண்டாம் என்றார், பிறகு தோளைக் குலுக்கிவிட்டு வேலைக்குப் போனார்.

பாண் விசயம் எனக்குத் தெரியும்.

நுஸ்ரா

*

தில்லையடி
03.11.2024

என் ராத்தாவுக்கு அன்பும் ஸலாமும்.

சுகம், சுகம், சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது. களப்பு நிறைந்து ரோட்டோரம் வரை தண்ணி.

முதல் கதைப் புத்தகம் முடித்துவிட்டேன்! பஸ்ஸில் போகிற ஒரு பூனைக் கதை. பூனைக்கு எதற்கு பஸ் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேதான் பதிந்தேன். நடு அறையில் வைத்துப் பதிந்தால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி கேட்கிறது. அடுப்படியில் பதிந்தால் தண்ணி மோட்டர். கடைசியில் அலுமாரிக் கதவைத் திறந்து, உடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு பதிகிறேன். இவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் பயந்துபோனார். "என்ன புள்ள, உள்ளுக்கு யாரு?" என்று கேட்கிறார்.

நாலாம் பக்கத்தில் ஒரு கழுதை வாசலுக்கு வந்து நின்று கத்தியது. நல்லாப் பதிந்துவிட்டது. அழித்துவிட்டுத் திரும்பப் பதியலாம் என்று நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்கட்டும், அவளுடைய சிநேகிதர்தானே.

என் ஆங்கிலத்தை அந்த நாட்டு நரி ஏற்றுக்கொள்ளுமா என்றுதான் பயம். நான் இழுக்கிற இழுவைக்கு அது எழும்பி ஓடிவிடும். பார்மசி முதலாளி பெட்டிகளை அடுக்கிக்கொண்டே என் உச்சரிப்பைத் திருத்துகிறார். அவருடையது என்னுடையதைவிட மோசம்.

அடுத்த கதையைச் சீக்கிரம் அனுப்பச் சொல்லுங்கள். வேலை முடிந்து வந்தால் எனக்கு இதுதான் வேலை. ஸும்ரா கேட்டாளா? என்ன சொன்னாள்? உடனே எழுதுங்கள்.

உங்கள் மர்ளியா

*

நொட்டிங்ஹாம்
24.11.2024

மர்ளியாவுக்கு ஸலாம்.

எல்லோரும் நலம். பதில் சுணங்கியதற்குக் குறை நினைக்காதே, இரவு வேலை கூடிவிட்டது.

அவள் வாய் திறந்துவிட்டாள். கழுதை கத்தியதும் சிரித்தாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்ததாம். பிறகு நீ சொன்ன வரியை அப்படியே சொன்னாள், நரி ஆடியது. அன்றிலிருந்து நிற்கவில்லை. ஒவ்வொரு கதையாக முடித்து மேலே மேலே போகிறாள். மிஸ் கத்தரினா டாக்டர் கதையை விட்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். உன் மச்சான் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். ஊருக்கு அனுப்பும் கதையை அவர் இப்போது எடுப்பதில்லை. எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அல்லாஹ் உனக்குக் கூலி தருவான்.

காலையில் நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே உன் குரல் கேட்கிறது. பிள்ளை சோபாவில் இருந்து உன்னோடு கதைத்துக் கொண்டிருப்பாள். நான் வந்ததைக் காண்பதில்லை.

பதிவுகளைக் கொஞ்சம் சுருக்கமாகச் செய். வரிகள் மட்டும் போதும்.

நுஸ்ரா

*

தில்லையடி
05.01.2025

அன்பு ராத்தாவுக்கு, நலமும் பரக்கத்தும் பெருகட்டும்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் குளிருக்குச் சளி பிடித்தால் சீரகமும் கொத்தமல்லியும் போட்டு அவித்துக் குடியுங்கள்.

சான்றிதழின் படத்தைப் பார்மசியில் காட்டாத ஆள் இல்லை. பனடோல் வாங்க வந்தவருக்கும் காட்டினேன். முதலாளி "மருந்தை முதல்ல குடுங்க" என்று சத்தம் போட்டார். கரைத்தீவில் மாமியின் மகள் கல்யாணத்துக்குப் போன இடத்திலும் இதே கதைதான் கதைத்தேன். இவர் வரும் வழியெல்லாம் என்னைப் பகிடி பண்ணினார். ஆனால் அவரும் லொறி கண்ணாடியில் அவளுடைய படத்தை ஒட்டியிருக்கிறார்.

புதிய கதைகள் பத்துப் பக்கம், பன்னிரண்டு பக்கம் என்று நீளுகின்றன. அனுப்புங்கள், எவ்வளவு வந்தாலும் செய்வேன். நான் ஃபோனில் இரண்டு தரம் எழுதிக் கேட்டேன், அவள் இப்போது என்ன உயரம், பல் விழுந்ததா என்று. நீங்கள் பதில் சொல்லவில்லை.

இன்னொன்று. போன கிழமை இங்கே நம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனபோது அதிபரைக் கண்டேன். இரண்டாம் வகுப்பில் இடம் இருக்குமா என்று சும்மா ஒரு கதைக்குக் கேட்டேன். இருக்கும் என்றார். சும்மாதான் கேட்டேன், ராத்தா. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

அவளுடைய கன்னத்தில் என் பங்குக்கு ஒன்று கொஞ்சுங்கள்.

மர்ளியா

*

நொட்டிங்ஹாம்
16.02.2025

மர்ளியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சுகமாக இருப்பீர்கள். நாங்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை மிஸ் கத்தரினா எங்களைக் கூப்பிட்டார். டெப்லட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு சாதாரணப் புத்தகத்தை ஸும்ராவின் கையில் கொடுத்தார். அவள் அந்த மென்பொருளில் முடித்த அதே பூனைக் கதை. தாளில் அச்சடித்தது. பிள்ளைக்கு ஒரு சொல் தெரியவில்லை. ஒரு சொல்கூட. புத்தகத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள், மர்ளியா. எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவள் வாசிக்கவே இல்லை. நீ ஓதிக் கொடுத்ததைக் கேட்டு மனனமாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். கண் எழுத்தில் இல்லை, யன்னலில். நரிக்கு வந்த சத்தம் சரியாக இருந்ததால் நரியும் ஆடியது. ஐந்து மாதம் போய்விட்டது. வகுப்பில் இவளுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளெல்லாம் முன்னால் போய்விட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து உன் பதிவுகளை எல்லாம் நான் கேட்டேன். வரிகள் மட்டும் போதும் என்று எழுதினேன்தானே? ஒவ்வொரு பக்கம் முடியவும் நீ என்ன சொல்லியிருக்கிறாய்? "சாச்சி இங்கதான் இரிக்கேன். கண்ண மூடினா சாச்சியக் காணலாம்." "சாச்சி ஒனக்குக் கட்டில் விரிச்சு வெச்சிரிக்கேன்." பள்ளிக்கூடத்து டெப்லட்டுக்குள் இருந்து, என் பிள்ளைக்கு, தினமும். அங்கே அதிபரிடம் இடமும் கேட்டு வைத்திருக்கிறாய்.

உன் மச்சான் டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டார். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ எனக்கு உதவி செய்தாயா, என் பிள்ளையை எடுக்கப் பார்த்தாயா?

நுஸ்ரா

*

தில்லையடி
17.02.2025

ராத்தா,

ஓம். எனக்கு அவள் வேண்டும். கேட்டதற்குப் பதில் அதுதான்.

நீங்கள் விட்டுப் போகும்போது நாலரை வயது. இரண்டு மாதம் வாசலில் இருந்து அழுதாள். பிறகு அழுகையை நிறுத்தி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் முடித்த இத்தனை வருடத்தில் அல்லாஹ் எனக்குத் தராததை நீங்கள் கையில் தந்துவிட்டு, ஒன்றரை வருடத்தில் திருப்பிக் கேட்டீர்கள். நான் கொழும்பு விமான நிலையத்தில் வைத்துத் தந்தேனா இல்லையா? அவளுடைய உடுப்பை நானே மடித்துப் பெட்டியில் வைத்தேனா இல்லையா?

ஆங்கில வரியையும் ஓதிக் கொடு என்று எழுதியது யார்? அந்தக் கடிதம் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. அவள் வாசிக்காமல் போக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. அதை மட்டும் நம்புங்கள். மற்றதெல்லாம் நீங்கள் நினைக்கிற மாதிரியே இருக்கட்டும்.

மர்ளியா

*

நொட்டிங்ஹாம்
02.04.2025

மர்ளியாவுக்கும் தம்பிக்கும் பெருநாள் வாழ்த்துகள். அல்லாஹ் உங்கள் நோன்பை ஏற்றுக்கொள்ளட்டும்.

ஆறு கிழமையாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை.

ஸும்ரா மறுபடி வாயை மூடிவிட்டாள். பழைய பதிவுகளைத் தொடாமல் விட்டிருக்கிறேன். அழித்தால் அவள் சாப்பிடுவதையும் நிறுத்திவிடுவாள் என்ற பயம். பெருநாள் அன்று புது உடுப்போடு சோபாவில் இருந்து பூனைக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வட்டிலாப்பம் அவித்தேன். தொடவில்லை.

ஜூலை நடுவில் உன் மச்சான் அவளைக் கூட்டிக்கொண்டு வருவார். அதிபரிடம் சொல்லி அந்த இடத்தை எடுத்து வை. பாண் ஓரம், இரவில் விளக்கு, எல்லாம் உனக்குத் தெரியும். நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

உன் கடிதத்தில் பொய் இருக்கவில்லை. அதற்காக நான் உன்னோடு கோபமாக இல்லை. களைத்துப்போனேன், அவ்வளவுதான்.

வஸ்ஸலாம்.
நுஸ்ரா

*

தில்லையடி
20.04.2025

என் ராத்தாவுக்கு, மனம் நிறைந்த ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் அன்றைக்கே போய் ஒரு சின்ன மேசையும் கதிரையும் வாங்கி வந்துவிட்டார். நானும் சந்தோஷப்பட்டேன், ராத்தா. எப்படிச் சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்குச் சொன்னால் நீங்கள் என்னை வெறுப்பீர்கள். கொடியில் அவளுடைய பழைய போர்வையைத் துவைத்துப் போட்டேன். மறுநாள் காலை அதிபரைப் பார்க்கப் போனேன்.

பெயர் என்ன, உம்மாவின் பெயர் என்ன என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். "உம்மா எங்க?" என்று கேட்டார். வெளிநாட்டில் என்றேன். "பாவம், எப்ப வருவாவாம்?" என்றார். அந்தக் கேள்வி ஸும்ரா என்னிடம் வாசலில் இருந்து தினமும் கேட்டது. அப்போது நான் "நாளைக்கு" என்று சொல்லுவேன். அதைக் கேட்டுக் கேட்டு, நம்பி நம்பி, பிறகு நம்பாமல் விட்டு, என்னிடம் வந்தவள் அவள். இப்போது மறுபடி வந்தால் மறுபடி கேட்பாள். நான் மறுபடி அதே பொய்யைச் சொல்ல வேண்டும். நான் இடத்தை எடுக்காமல் எழும்பி வந்துவிட்டேன். அதிபர் என்ன நினைத்தாரோ.

வீட்டுக்கு வந்து ஃபோனில் அந்த இணைப்பைத் திறந்து, என் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாக அழித்தேன். அழிக்கவா என்று ஒவ்வொரு தரமும் அது கேட்டது. ஒவ்வொரு தரமும் ஓம் என்றேன்.

எல்லாக் கதையையும் புதிதாகப் பதிந்திருக்கிறேன். இரண்டு கிழமை பிடித்தது. தமிழில் கருத்து மட்டும்தான். ஆங்கில வரி வரும் இடத்தில் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: "மகள், இது சாச்சிக்கு வாசிக்கத் தெரியாது. உம்மாக்குத் தெரியும். உம்மாட்ட கேளு." எல்லாப் பக்கத்திலும் அதுதான். பூனை, பஸ் என்ற சொற்களில்கூட. எனக்குத் தெரியாது, தெரியாது, தெரியாது என்று அலுமாரிக்குள் நின்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. இவர் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

நீங்கள் அந்த நேரம் வீட்டில் இருக்க வேண்டும், ராத்தா. இரவு வேலையை மாற்றிக் கேளுங்கள். அவள் வந்து கேட்கும்போது நித்திரையில் இருக்காதீர்கள். கேட்டால் உடனே முழுச் சொல்லையும் சொல்லிவிடாதீர்கள். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, அவளையே சொல்ல வையுங்கள். பிழை விட்டால் விடட்டும். காதைத் திருக இங்கே யாரும் இல்லை என்று சொல்லுங்கள்.

மச்சானிடம் ஜூலை வரை பொறுக்கச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மர்ளியா

*

நொட்டிங்ஹாம்
22.06.2025

என் கண்ணான தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் அருளால் மூவரும் நலம். இந்தத் தரம் அதை மனதார எழுதுகிறேன். நீங்கள் இருவரும் எப்படி? கச்சான் காற்று தொடங்கியிருக்கும். தூசுக்குக் கண்ணைப் பார்த்துக்கொள்.

எழுதச் சுணங்கியதற்குக் காரணம், என்ன எழுதுவது என்று மே மாதம் முழுக்க எனக்கே தெரியாமல் இருந்தது. உன் புதுப் பதிவை முதல் நாள் கேட்டுவிட்டுக் காதுப் படத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிறகு டெப்லட்டைத் தூக்கி எறிந்தாள், மூலை உடைந்துவிட்டது. அழுதாள். உன்னைக் கூப்பிட்டு அழுதாள். நான் பகல் வேலைக்கு மாறிவிட்டேன். தினமும் பின்னேரம் பக்கத்தில் போய் இருந்தேன். எழும்பி மறு கதிரைக்குப் போவாள். நானும் போவேன். உன் மச்சான் "விடுமன்" என்றார். விடவில்லை.

ஒருநாள் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். புத்தகத்தோடு வந்து நின்றாள். டெப்லட் இல்லை, புத்தகம். "சாச்சிக்கு ஒண்டும் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கத்தியை வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் நிலத்தில் இருந்தேன். விரலை வைத்தேன். ஒரு எழுத்து, அடுத்த எழுத்து. பிழையாகச் சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். நான் அவளுடைய கையை எடுத்துவிட்டுக் காதில் கொஞ்சினேன். பிறகு திரும்பச் சொன்னாள்.

போன கிழமை மிஸ் கத்தரினா அவள் காணாத ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். தட்டித் தடுமாறி ஒரு பக்கம் வாசித்தாள். யாரும் முதலில் சொல்லவில்லை. உன் மச்சான் அன்றைக்கே டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேசையும் கதிரையும் வாங்கிய தம்பியிடம் எப்படிச் சொல்லப்போகிறாய் என்று யோசித்து எனக்கு நித்திரை இல்லை.

ஓதிக் கொடு என்று எழுதியது நான்தான். அதை உன் தலையில் போட்டேன். என் சொல் கேட்காத பிள்ளை உன் சொல்லைக் கேட்டது என் நெஞ்சைச் சுட்டது. அதை அப்போதே சொல்லியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது.

இனி ஃபோன் எடுத்துக் கூப்பிடு, மர்ளியா. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு எடு. உன் மச்சானும் எடுக்கச் சொன்னார். அவளோடு கதை.

உன் ராத்தா
நுஸ்ரா

*

தில்லையடி
13.07.2025

அன்பு ராத்தாவுக்கு, மச்சானுக்கு, மகளுக்கு எங்கள் இருவரின் ஸலாம். உங்கள் சுகச் செய்தியே எங்களுக்குச் சுகம். இங்கே காற்று கூரையைப் பிடுங்குகிறது, கருவாட்டுப் பந்தலை இரண்டு தரம் தூக்கி எறிந்துவிட்டது. மற்றபடி குறையில்லை.

இவரிடம் சொன்னேன். "நல்லது" என்றார். மேசையையும் கதிரையையும் பக்கத்து வீட்டு நஸ்ஹாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்துவிட்டு வந்து லொறியைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய லொறி.

அந்த மென்பொருள்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் ஃபோனுக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்புகிறார்கள், உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. இந்தக் கிழமை உங்கள் குரலைப் பிள்ளை இத்தனை தரம் கேட்டது என்று நரி அறிவிக்கும். மேயில் நிறையக் கேட்டாள், எறிந்துவிட்டு மறுபடி எடுத்துக் கேட்டிருப்பாள். ஜூனில் குறைந்துகொண்டே வந்தது. இப்போது மூன்று கிழமையாக ஒரு தரமும் இல்லை. இன்று காலையும் பூச்சியம் என்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன், மனதாரத்தான் சொன்னேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மூன்று வெள்ளிக்கிழமை போய்விட்டது, நான் ஃபோன் எடுக்கவில்லை. நீங்கள் எடுத்ததையும் தூக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, ராத்தா. அவள் இப்போதுதான் உங்களிடம் வந்து கேட்கத் தொடங்கியிருக்கிறாள். என் குரலைக் கேட்டால் திரும்பிவிடுவாள், எனக்கு அவளைத் தெரியும். எனக்கு என்னையும் தெரியும். ஒரு "மகள்" என்று தொடங்கினால் நான் நிறுத்தமாட்டேன்.

சாச்சிக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் ஃபோன் எடுக்க வேண்டாம். எடுத்தாலும் நான் தூக்கமாட்டேன். எழுதுங்கள், அது போதும். பல் விழுந்ததா என்று மட்டும் இந்தத் தரம் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தங்கச்சி
மர்ளியா